புது கன்சோல் வந்ததும் கடையில் ஸ்டாக் இல்லாமல் போவது ஏன்?

கேட்டிருப்பது இரண்டு கேள்வி. புதிதாக ஒரு கேம் கன்சோல் வெளிவரும்போதெல்லாம் சில நிமிடங்களிலேயே “விற்றுத் தீர்ந்தது” என்று சொல்லிவிடுகிறார்களே, கம்பெனிகள் வேண்டுமென்றே குறைவாகத் தயாரித்துக் கிராக்கியை ஏற்றிவிடுகின்றனவா? அப்புறம், “இத்தனை லட்சம் விற்றது” என்று செய்தியில் வருகிற எண்ணிக்கையை எவ்வளவு தூரம் நம்பலாம்? இரண்டுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: கடை அலமாரி காலியாக இருப்பதற்கான முடிவு, அந்தக் கன்சோல் கடைக்கு வருவதற்கு ஆறேழு மாதம் முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. அப்போது யாருக்கும் உண்மையான கிராக்கி எவ்வளவு என்று தெரியாது. தெரியாத நிலையில் அதிகமாகச் செய்து தேங்கவிடுவதா, குறைவாகச் செய்து திட்டு வாங்குவதா என்று வந்தால், கம்பெனிகள் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. அதைச் சதி என்று சொல்ல மாட்டேன். ஆனால் வாங்க வருகிறவர் மேல் பாரத்தை ஏற்றுகிற தேர்வு என்று தாராளமாகச் சொல்லலாம்.

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? எனவே சட்டியிலிருந்து தொடங்குவோம். கன்சோலின் உயிர் அதன் பிரதானச் சிப். சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் இரண்டின் சிப்பையும் வடிவமைப்பதில் ஏஎம்டி என்ற சிப் கம்பெனி பங்குகொண்டது. தயாரித்தது தைவானின் டிஎஸ்எம்சி. சிப்பை 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத் தகட்டில் அச்சிடுகிறார்கள், வேஃபர் என்பார்கள். சீரீஸ் எக்ஸ் சிப்பின் பரப்பு 360 சதுர மில்லிமீட்டர். வட்டத்துக்குள் சதுரங்களை அடுக்கினால் ஓரத்தில் வீணாவது போக, ஒரு தகட்டில் சுமார் 160 சிப்தான் தேறும். அதிலும் பழுதானவற்றைக் கழிக்க வேண்டும். அதே குடும்பத்தின் சின்னக் கன்சோலான சீரீஸ் எஸ்ஸின் சிப் 197 சதுர மில்லிமீட்டர்; அதே தகட்டில் 300-க்கு மேல் கிடைக்கும். 2021-ல் பெரிய எக்ஸ்பாக்ஸ் கண்ணிலேயே படாமல், சின்னது மட்டும் பல கடைகளில் கிடைத்ததே, நினைவிருக்கிறதா? சின்னதை யாரும் விரும்பவில்லை என்று பலர் முடிவு கட்டினார்கள். விலையும் விருப்பமும் ஒரு பக்கம் இருக்கட்டும். கையில் இருப்பது அதே எண்ணிக்கை தகடு என்றால், சின்னச் சிப்பை ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்கலாம் என்கிற எளிய கணக்கும் அதில் இருக்கிறது.

ஒரு தகடு தொழிற்சாலைக்குள் நுழைந்து முழுமையாகி வெளியே வர மூன்று மாதத்துக்கு மேல் ஆகும். பிறகு சிப்பை வெட்டிச் சோதித்து, போர்டில் ஏற்றி, கன்சோலாகப் பூட்டி, பெட்டியில் போட வேண்டும். அதன்பின் கப்பலில் ஒரு மாதமோ அதற்கு மேலோ. அப்புறம் துறைமுகம், கிடங்கு, லாரி. எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். நவம்பரில் அலமாரிக்கு வருகிற கன்சோலுக்கு ஏப்ரல், மே வாக்கிலேயே தகட்டுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 வெளிவந்தது 2020 நவம்பர் 12. அதற்கு ஆறேழு மாதம் முன்னால் உலகம் எந்த நிலையில் இருந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஊரடங்கு நாட்களில்தான் “எவ்வளவு போடலாம்” என்று ஒருவர் எண்ணைச் சொல்லியாக வேண்டியிருந்தது. டிசம்பர் முடிவதற்குள் 45 லட்சம் கன்சோல் அனுப்பினார்கள். குறைவான எண் இல்லை. ஆனாலும் கிடைக்கவில்லை.

விமானத்தில் அனுப்பக் கூடாதா என்று கேட்கலாம். அனுப்புகிறார்கள், பண்டிகைக்கு முன் அவசரமாக இருந்தால். ஆனால் பிளேஸ்டேஷன் 5 பெரிய, கனமான பெட்டி. கன்சோல் மட்டுமே நாலரை கிலோ. விமானக் கட்டணம் கொடுத்தால் அந்த ஒரு கன்சோலில் கம்பெனிக்கு நிற்பது எதுவும் இருக்காது.

இதெல்லாம் ஒரே ஒரு பாகத்தில் இடறினாலும் நின்றுவிடும். பிளேஸ்டேஷன் 2 அமெரிக்காவில் வெளிவந்த 2000 அக்டோபரில், முதல் நாளுக்கு 10 லட்சம் என்று சொல்லியிருந்த சோனி அதைப் பாதியாகக் குறைத்தது. காரணம் உதிரிபாகத் தட்டுப்பாடு. பிளேஸ்டேஷன் 3-க்குத் தடையாக நின்றது புளூ-ரே டிரைவுக்குள் இருக்கும் நீல லேசர் டையோடு, கடுகளவுப் பொருள். அது போதுமான அளவு கிடைக்காததால் ஐரோப்பிய வெளியீட்டையே 2006 நவம்பரிலிருந்து 2007 மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள்.

சரி, இப்போது கடைக்குள் போவோம். “சில நிமிடத்தில் தீர்ந்தது” என்பதன் உண்மையான முகம் கடையின் பின்னறையில்தான் தெரியும். ஒரு கணக்குக்காக, நடுத்தரமான ஒரு கடைக்கு வெளியீட்டு நாளில் 30 கன்சோல் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ வந்துவிடும். குறிப்பிட்ட தேதிக்கு முன் விற்கக் கூடாது என்று கட்டுப்பாடு இருப்பதால் பூட்டிய அறையில் வைத்திருப்பார்கள். ஸ்டாக் பார்க்கிற பையன் பெரிய பழுப்பு அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழித்து, உள்ளே இருக்கும் கன்சோல் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுப்பான். பக்கவாட்டில் இருக்கும் வரிசை எண்ணை ஸ்கேன் செய்வான். முன்பதிவுப் பட்டியலைப் பார்த்து, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பெயர்ச்சீட்டு. இருபத்தாறு சீட்டு ஒட்டியாயிற்று. ஒன்றை, பழுதென்று யாராவது திரும்பக் கொண்டுவந்தால் மாற்றிக் கொடுக்கத் தனியாக வைத்துவிடுவார்கள். மிச்சம் மூன்று. மறுநாள் காலை வாசலில் நாற்பது பேர் நிற்கிறார்கள்.

கதவு திறந்து பத்து நிமிடத்தில் அந்த மூன்றும் போய்விடும். “பத்து நிமிடத்தில் காலி” என்பது பொய் இல்லை. ஆனால் அது கிராக்கியின் அளவைச் சொல்லவில்லை. அந்த நாற்பது பேருக்கு எதிரே வைத்தது மூன்று பெட்டி என்பதைத்தான் சொல்கிறது. கவுன்ட்டரில் நிற்கும் பையனுக்கு அடுத்த லோடு எப்போது என்று உண்மையிலேயே தெரியாது. பல இடங்களில் மேலாளருக்கே, லாரி கிளம்பிய பிறகு கணினியில் “வரவு” என்று காட்டும்போதுதான் தெரியும். அவனிடம் கத்துவதில் எனக்கு என்றைக்குமே உடன்பாடில்லை. பின்னறையில் பதுக்கி வைத்திருக்கிறான் என்று சந்தேகப்படுவார்கள். அங்கே இருப்பது பெயர் ஒட்டிய பெட்டிகள், ஏற்கெனவே காசு கட்டிய யாரோ ஒருவருடையவை.

முன்பதிவு இந்தச் சிக்கலைத் தீர்த்திருக்க வேண்டும். 2020 செப்டம்பரில் என்ன நடந்தது என்று பாருங்கள். பிளேஸ்டேஷன் 5-ன் விலையை அறிவித்த அன்று, முன்பதிவு மறுநாள்தான் என்று சோனி சொன்னது. பெரிய கடைகள் அன்றிரவே திறந்துவிட்டன. ஒரு கடை திறந்ததும் மற்ற கடைகள் பின்தங்கப் பயந்து திறந்தன. தூங்கி எழுந்து வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. சில நாளில் சோனி வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. ஒதுக்கீடு இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகும் கடைகள் முந்திக்கொண்டு ஓடியதற்குக் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள மார்ஜினைப் பார்க்க வேண்டும்.

கன்சோல் விற்பதில் கடைக்கு மிஞ்சுவது மிகக் குறைவு. விலையில் ஒரு சில சதவீதம்தான். கார்டில் வாங்கினால் வங்கிக் கட்டணம், இடவாடகை, கிடங்குச் செலவு எல்லாம் போக, சில சமயம் கையில் ஒன்றும் நிற்காது. தயாரிப்பவருக்கும் பெரும்பாலும் அதே கதை. எக்ஸ்பாக்ஸ் கன்சோலை லாபத்துக்கு விற்றதே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி 2021-ல் நீதிமன்றத்திலேயே சாட்சி சொன்னார். அடுத்த வருடம், அப்போது எக்ஸ்பாக்ஸ் பிரிவின் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர், ஒரு கன்சோலுக்கு 100 முதல் 200 டாலர் வரை தாங்களே சுமக்கிறோம் என்றார். கம்பெனி அதைக் கேமிலும் சந்தாவிலும் மீட்கிறது. கடை எதில் மீட்கும்? கூடுதல் கன்ட்ரோலர், கேபிள், ஹெட்செட், நீட்டிப்பு வாரண்டி, பழைய கேம் வாங்கி விற்பது. ஆகவே கடைக்குக் கன்சோல் என்பது ஆளை உள்ளே இழுக்கிற தூண்டில். கூடையில் இன்னும் நாலு பொருள் விழுந்தால்தான் அன்றைய வியாபாரம் வியாபாரம்.

தட்டுப்பாடு நாட்களில் “கன்சோல் தனியாக இல்லை, இரண்டு கேமும் ஒரு கன்ட்ரோலரும் சேர்ந்த தொகுப்பாகத்தான்” என்று சொல்வது இதனால்தான். பலருக்குக் கோபம் வருகிறது, நியாயமான கோபம். தேவையில்லாத கேமைத் தலையில் கட்டுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் மறுவிற்பனைக்காரர்களுக்கும் தொகுப்பு பிடிக்காது. அவர்கள் முதல் கூடுகிறது, அந்தக் கேமைத் தனியாகத் தள்ளிவிட வேண்டியிருக்கிறது. நீங்கள் எப்படியும் வாங்கப்போகிற கேம்தான் தொகுப்பில் இருக்கிறது என்றால், பல சமயம் அதுவே சீக்கிரம் கிடைக்கிற வழி.

எந்தக் கடைக்கு எத்தனை என்பதை ஒதுக்கீடு முடிவு செய்கிறது. தயாரிப்பாளர் நாடு நாடாகப் பிரிக்கிறார். நாட்டுக்குள் பெரிய சங்கிலிக் கடைகள், இணையக் கடைகள், விநியோகஸ்தர்கள் என்று பிரிகிறது. விநியோகஸ்தரிடமிருந்து சின்னக் கடைகளுக்கு. முந்தைய தலைமுறையில் யார் எவ்வளவு விற்றார்கள், எவ்வளவு கேம் எடுத்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் பங்கு. தண்ணீர் குறைந்த வாய்க்காலில் கடைமடைக்கு என்ன வருமோ அதுதான் சின்னக் கடைக்கு. இந்த உறவை மதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு சேகா கம்பெனியின் சாட்டர்ன் கன்சோலை விட நல்ல உதாரணம் இல்லை. 1995 செப்டம்பர் 2-ல் வெளியீடு என்று ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு, அந்த வருடம் மே மாதம் லாஸ் ஏஞ்சலஸில் நடந்த முதல் இ3 வீடியோ கேம் கண்காட்சி மேடையில், “இன்றே கடையில் கிடைக்கும்” என்று சேகா அறிவித்தது. ஆனால் சரக்கு போதாததால் நான்கு சங்கிலிக் கடைகளுக்கு மட்டுமே அனுப்பியிருந்தார்கள். விட்டுப்போன கடைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். கேபி டாய்ஸ் என்ற பொம்மைக் கடைச் சங்கிலி சேகா சரக்கையே ஒதுக்கிவிட்டது. சில மாதம் முந்திக் கிடைத்த லாபத்தை விட, அலமாரியில் இழந்த இடம் பெரிது. சாட்டர்ன் உலகம் முழுக்க ஒரு கோடியைக்கூட எட்டவில்லை.

இப்போது என் பதிலின் மையத்துக்கு வருகிறேன், பொய்க் கிராக்கி. கேட்டதில் பாதிதான் கிடைக்கும் என்று தெரிந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? 50 தேவைப்பட்டால் 100 என்று எழுதுவார். எல்லாக் கடையும் அப்படியே எழுதும். வாங்குகிறவரும் அப்படித்தான், மூன்று கடையில் முன்பதிவு செய்துவிட்டு எது முதலில் வருகிறதோ அதை எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ரத்து செய்கிறார். மேலே உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்குத் தெரிவது வீங்கிய எண். அதை நம்பித் தயாரித்தால் என்ன நடக்கும் என்பதை 1982-லேயே அடாரி என்ற வீடியோ கேம் கம்பெனி காட்டிவிட்டது. 1981 அக்டோபரில், அடுத்த வருடம் முழுமைக்கும் ஆர்டரை இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று அடாரி விநியோகஸ்தர்களைக் கேட்டது. முன்பு கேட்டது முழுதாகக் கிடைத்துப் பழக்கமில்லாத அவர்கள் அளவுக்கு மீறி எழுதினார்கள். அடாரியும் அதற்கேற்ப உற்பத்தியை ஏற்றியது. பிறகு ரத்துகளும் திரும்பி வந்த சரக்கும் குவிந்தன. 1983 செப்டம்பரில் நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கேம் கேட்ரிட்ஜ்களைக் கொட்டிப் புதைத்தார்கள். 2014 ஏப்ரலில் அந்த இடத்தைத் தோண்டியபோது நசுங்கிய பெட்டிகளோடு அவை மறுபடி வெளிச்சத்துக்கு வந்தன.

அந்தச் சூடு கடைக்காரர்களுக்கு வெகுநாள் மறக்கவில்லை. 1985-ல் நின்டெண்டோ நியூயார்க்கில் தன் கன்சோலை விற்க முயன்றபோது, வீடியோ கேம் என்ற பேச்சையே கேட்க மறுத்தார்கள். சரக்கை நாங்களே கொண்டுவந்து அடுக்குகிறோம், 90 நாள் வரை காசு தர வேண்டாம், விற்காததை நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று சொன்ன பிறகுதான் அலமாரியில் இடம் கிடைத்தது. இப்படிப் பிறந்த ஒரு தொழில், தேங்கிய சரக்கைப் பார்த்தால் நடுங்குவதில் வியப்பில்லை. 199 டாலருக்கு வந்த சேகாவின் டிரீம்காஸ்ட் கன்சோல் 2001-ல் உற்பத்தி நின்ற பின் கிட்டத்தட்ட 50 டாலர் வரை இறங்கி விற்ற கதையும் அவர்கள் எல்லோருக்கும் தெரியும். விலையைக் குறைக்கும்போது, கடையில் ஏற்கெனவே கிடக்கும் ஸ்டாக்குக்கு உண்டான வித்தியாசத்தைத் தயாரிப்பாளரே ஈடுகட்டுவது இந்தத் தொழிலில் வழக்கம். அலமாரியில் அதிகமாக நின்றால் அந்தச் சுமையும் சேர்ந்து தலையில் விழும்.

ஆகவே “வேண்டுமென்றே செய்கிறார்களா” என்றால், என் மதிப்பீடு இது. பிரதானக் கன்சோல்களில் இல்லை. விற்காமல் விட்ட ஒவ்வொரு கன்சோலும் பின்னால் வரவேண்டிய கேம் வருமானத்தை இழப்பதுதான். நின்டெண்டோவின் வீ 2006 நவம்பரில் வந்தது. ஒரு வருடம் கழித்தும் கடையில் கிடைக்கவில்லை. 2007 இறுதியில் மாதம் 18 லட்சம் தயாரித்துக்கொண்டிருந்தார்கள், அப்படியும் போதவில்லை. அந்தக் கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கன்சோல் இல்லாமல் தவித்த பெற்றோருக்காக, கேம்ஸ்டாப் கடைகளில் முழுக் காசையும் வாங்கிக்கொண்டு, ஜனவரிக்குள் கன்சோல் தருவதாக உறுதிச்சீட்டு கொடுத்தார்கள். மரத்தடியில் பெட்டிக்குப் பதில் ஒரு சீட்டு. கிராக்கியை ஏற்றிவிட நினைக்கிற கம்பெனி மாதம் 18 லட்சம் தயாரிக்காது.

ஆனால் ஒரு விதிவிலக்கை ஒளிக்க மாட்டேன். 2016 நவம்பரில் வந்த நின்டெண்டோவின் என்இஎஸ் கிளாசிக், அவர்களுடைய பழைய கன்சோலின் கையடக்கமான மறுபிறப்பு. வந்த நாள் முதல் தட்டுப்பாடு. கிராக்கி குறையாமல் இருந்தபோதே 2017 ஏப்ரலில் நிறுத்துவதாக அறிவித்தார்கள். மொத்தம் 23 லட்சம்தான் விற்றிருந்தார்கள். பிறகு 2018 ஜூனில் மறுபடி கொண்டுவந்தார்கள். ஒரு பண்டிகைக் காலப் பொருளாக மட்டும் நினைத்துச் சின்ன எண்ணில் திட்டமிட்டதே காரணம் என்று நினைக்கிறேன். எதுவாக இருந்தாலும் வாங்க வந்தவர்களுக்கு அது மரியாதைக் குறைவு.

இரண்டாவது கேள்வி, எண்ணிக்கை. “விற்றது” என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களைக் குறிக்கிறது. கம்பெனி கடைக்கும் விநியோகஸ்தருக்கும் பில் போட்டு அனுப்பியது ஒன்று. கடையிலிருந்து வாடிக்கையாளர் கைக்குப் போனது இன்னொன்று. கம்பெனிகளின் நிதி அறிக்கையில் வருவது பெரும்பாலும் முதலாவது. நின்டெண்டோ காலாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் எண்கள் அப்படிப்பட்டவைதான். சோனி 2007 வரை இன்னும் ஒரு படி பின்னால் போய், தொழிற்சாலையிலிருந்து வெளியேறியதையே கணக்குக் காட்டியது.

தட்டுப்பாடு நாட்களில் இந்த வித்தியாசம் பெரிதாக இருக்காது. வந்தது அன்றே போய்விடும். கன்சோல் நகராதபோதுதான் உண்மை தெரியும். 2014 ஏப்ரலில் ஒரே வாரத்தில் இரண்டு அறிவிப்பு வந்தது. பிளேஸ்டேஷன் 4 எழுபது லட்சம் என்றது சோனி, வாடிக்கையாளர் கைக்குப் போனது. எக்ஸ்பாக்ஸ் ஒன் ஐம்பது லட்சம் என்றது மைக்ரோசாஃப்ட், கடைகளுக்கு அனுப்பியது. பல செய்திகள் இரண்டையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒப்பிட்டன. அடுத்த காலாண்டில் மைக்ரோசாஃப்ட் அனுப்பிய எக்ஸ்பாக்ஸ் எல்லா மாடலும் சேர்த்து 11 லட்சம்தான். கடைகளில் கிடந்த இருப்பைக் குறைத்தோம் என்று அவர்களே சொன்னார்கள். முதலில் ஏற்றிய சரக்கு தேங்கியதால் அடுத்த மூன்று மாதம் கடைகள் புதிதாக எடுக்கவில்லை என்று அதற்கு அர்த்தம்.

நின்டெண்டோவின் வீ யூ இன்னும் வலி தரும் உதாரணம். 2012 நவம்பரில் வந்து, டிசம்பர் இறுதிக்குள் 30.6 லட்சம் அனுப்பினார்கள். தலைப்புச் செய்தியாகப் பார்த்தால் வெற்றி. அடுத்த காலாண்டில் 3.9 லட்சம். அதற்கடுத்த மூன்று மாதத்தில், உலகம் முழுவதற்கும் வெறும் 1.6 லட்சம். அந்தக் கன்சோல் மொத்தமே 1.35 கோடியோடு நின்றுவிட்டது; அதற்கு முந்தைய வீ 10 கோடியைத் தாண்டியது. ஆகவே முதல் காலாண்டு எண்ணைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள். இரண்டாவது, மூன்றாவது காலாண்டில் கடைகள் மறுபடி ஆர்டர் போட்டார்களா என்று பாருங்கள். மறு ஆர்டர்தான் கடைக்காரரின் உண்மையான வாக்கு.

கடையிலிருந்து வெளியே போவதைத் தனியாக எண்ணுகிற நிறுவனங்களும் உண்டு. அமெரிக்காவில் சர்கானா (முன்பு என்பிடி), ஜப்பானில் ஃபாமிட்சு. ஜப்பானில் வாரா வாரம் எண்ணே வெளியாகிறது. அமெரிக்காவில் பெரும்பாலும் தரவரிசையும் பண மதிப்பின் ஏற்ற இறக்கமும்தான் பொதுவெளிக்கு வரும். மைக்ரோசாஃப்ட் 2015 முதல் கன்சோல் எண்ணிக்கை சொல்வதையே நிறுத்திவிட்டது. எனவே எக்ஸ்பாக்ஸ் இத்தனை கோடி என்று இப்போது யாராவது துல்லியமாகச் சொன்னால், அது அவருடைய மதிப்பீடு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மறுவிற்பனைக்காரர்களைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. தட்டுப்பாட்டை அவர்கள் உண்டாக்கவில்லை. இருக்கிற தட்டுப்பாட்டில் முதலீடு செய்கிறார்கள். ஆனால் விளைவு கொடியது. விலைப்பக்கம் திறந்த நொடியில் நூறு முகவரியில் வாங்கிவிடும் பாட் நிரலோடு, வேலைக்கு நடுவே கைபேசியில் பக்கத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்கிற ஒருவர் போட்டி போட முடியாது. அமெரிக்காவில் பாட் வைத்து நிகழ்ச்சி டிக்கெட் வாங்குவதைத் தடுக்க 2016-லேயே சட்டம் வந்தது. அதைப் பொருட்களுக்கும் நீட்ட 2021-ல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை.

இதற்கு நான் பார்த்தவரை இரண்டு வழிதான் ஓரளவு நியாயமாக வேலை செய்திருக்கிறது. ஒன்று வரிசை. ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையின் கையடக்கக் கன்சோலான ஸ்டீம் டெக்குக்கு 2021 ஜூலையில் 5 டாலர் கட்டி இடம் பிடிக்கச் சொன்னார்கள்; ஆளுக்கு ஒன்று, ஏற்கெனவே அந்தக் கடையில் வாங்கிய பழைய கணக்கு இருந்தால்தான் ஆரம்பத்தில் அனுமதி. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது, ஆனால் தன் முறை எப்போது என்று ஒருவருக்குத் தெரிந்தது. இரண்டாவது, விளையாடுகிறவருக்கே முன்னுரிமை. ஸ்விட்ச் 2-க்கு ஜப்பானில் நின்டெண்டோ தன் சொந்த இணையக் கடையில் நடத்திய குலுக்கலில், ஸ்விட்சில் 50 மணி நேரமாவது விளையாடியிருக்க வேண்டும், மொத்தம் ஒரு வருடம் இணையச் சந்தா வைத்திருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். அப்படியும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். எல்லோருக்கும் தர முடியாது என்று நின்டெண்டோ தலைவர் ஃபுருகாவா முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டார். 2025 ஜூன் 5-ல் வெளிவந்த அந்தக் கன்சோல் நான்கு நாளில் 35 லட்சம் விற்றது. மறுவிற்பனைக்கு முதல் மருந்து போதுமான அளவு தயாரிப்பதே என்று அதற்கு முந்தின வருடமே பங்குதாரர் கூட்டத்தில் அவர் சொல்லியிருந்தார். கையில் முன்கூட்டியே ஸ்டாக் சேர்த்துவிட்டு வெளியிட்டதால்தான் அந்த 35 லட்சம் சாத்தியமானது. எல்லாக் கம்பெனியும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வெளியீட்டை மூன்று மாதம் தள்ளிப்போட்டால் யாருக்கும் உயிர் போகாது.

கடைசியாக, நீங்கள் எப்போது வாங்கலாம் என்பது. முதல் பண்டிகைக் காலம் கழிந்த பிறகு, ஜனவரி இறுதியிலிருந்து பல கன்சோல்கள் தானாகவே அலமாரிக்கு வரத் தொடங்கும். பரிசாக வந்து திரும்பக் கொடுக்கப்பட்டவை, முன்பதிவு ரத்தானவை, மறுவிற்பனைக்காரர் தள்ளிவிடுபவை எல்லாம் அப்போது வரும். பிளேஸ்டேஷன் 3 வெளியீட்டு வாரத்தில் ஏல இணையதளங்களில் பல மடங்கு விலைக்குப் போனது, சில மாதத்திலேயே சாதாரண விலைக்குக் கடையில் நின்றது. பிளேஸ்டேஷன் 5 விதிவிலக்கு. இனி எளிதாகக் கிடைக்கும் என்று சோனி சொல்ல 2023 ஜனவரி வரை ஆனது. காத்திருந்தால் விலை குறையும் என்றும் இப்போது நம்பியிருக்க முடியாது. பழைய தலைமுறைகளில் இரண்டு வருடத்தில் விலை இறங்கியது. பிளேஸ்டேஷன் 5-க்கு 2022-ல் பல நாடுகளிலும், 2025-ல் அமெரிக்காவிலும் விலை ஏறியது.

கடையில் கேட்கும்போது “ஸ்டாக் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு “இல்லை” என்ற ஒரு பதில்தான் வரும். “உங்களுக்கு லோடு எந்தக் கிழமை வரும்? ரத்தான முன்பதிவை யாருக்குக் கொடுப்பீர்கள்? என் எண்ணைக் குறித்துக்கொள்வீர்களா?” என்று கேளுங்கள். ரத்தாகிற ஒன்றிரண்டு பெட்டி ஒவ்வொரு வெளியீட்டிலும் உண்டு. பெயர்ச்சீட்டைக் கிழித்துவிட்டு அடுத்து யாரைக் கூப்பிடுவது என்று அந்தப் பையன் யோசிக்கும் நேரத்தில், உங்கள் எண் அவன் நோட்டில் இருந்தால் போதும்.